பர்மாவில் இறந்த தாத்தாவுக்குக் கல் நடலாமா?

பெரம்பூரில் வசிக்கும் 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சரக்குப் போக்குவரத்துப் பிரிவான சர்வீஸ் கோரில் லாரி ஓட்டினார். 1944-இல் பர்மாப் போர்முனையில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது, உடல் வரவில்லை. தாத்தாவின் தம்பி அப்போது மலாயா ரப்பர் தோட்டத்தில் இருந்தார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, பிழைத்து ஊர் திரும்பி, தியாகி பென்ஷன் வாங்கி, 1980-களில் காலமானார். 1972-இல் அவருக்குக் கிடைத்த தாமிரப் பத்திரம் ஊர் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. தாத்தாவின் படமும் ஒரு நட்சத்திரப் பதக்கமும் மூன்று கடிதங்களும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.

ஊர்த் தெருமுனையில் தாத்தா பெயரில் ஒரு கல் நட வேண்டும் என்பது இவர் ஆசை. ஊராட்சித் தலைவர் வாய்ச்சொல்லாகச் சரி என்றிருக்கிறார். இவருடைய உடன்பிறந்த தம்பியின் மகனோ, "வெள்ளைக்காரன் கூலிப்படைக்குக் கல்லா? நட்டால் தேசத்துரோகப் புகார் கொடுப்பேன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுத, இவர் பதிலுக்கு, "சின்னத் தாத்தா மட்டும் ஜப்பான்காரன் சோறு சாப்பிடவில்லையா?" என்று கேட்டுவிட்டார். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கல் நடலாமா, அதில் அசோகச் சின்னம் பொறிக்கலாமா, தம்பி மகன் மேல் அவதூறு வழக்குப் போடலாமா, அரசிடமிருந்து ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் தேடியும் தாத்தா பெயர் இல்லையாம். "அவர் யார் கணக்கிலும் இல்லையா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் தேடிய இடம் வேறு. நந்தம்பாக்கத்துத் தோட்டத்தில் இருப்பவை, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் அங்குமிங்கும் கிடந்த கல்லறைகளைப் பின்னாளில் ஒன்றுசேர்த்தவை. முதல் போர்க்கால நினைவுச் சுவர் ஒன்றும் அங்கே உண்டு. பர்மாப் போர்முனையில் இறந்தவர்கள் அங்கே வரமாட்டார்கள். இறந்த இந்துச் சிப்பாய்களை அவர்கள் முறைப்படி எரித்தார்கள் என்பதால் பலருக்குக் கல்லறை என்ற ஒன்றே கிடையாது. அவர்கள் பெயர்கள் இம்பால், கோஹிமா தோட்டங்களில் உள்ள தகன நினைவுச் சின்னங்களில் இருக்கும். எரித்த இடமோ புதைத்த இடமோ தெரியாதவர்களின் பெயர்கள் யாங்கோனுக்கு வடக்கே, தவுக்கியான் தோட்டத்தின் ரங்கூன் நினைவுச் சின்னத் தூண்களில் இருக்கும். அங்கே மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள்.

இந்தப் பெயர்களையெல்லாம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். தேடலில் சறுக்குவது எழுத்துக்கூட்டில்தான். முனுசாமி என்ற ஒரே பெயரை அன்றைய எழுத்தர் நாலைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்: யூ ஒன்றா ஓ இரண்டா, 'சாமி'க்கு ஏ மட்டுமா ஏடபிள்யூவா. முழுப்பெயரைத் தட்டாமல் முதல் நான்கெழுத்தை மட்டும் தட்டி, 'ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்' என்ற பிரிவையும் 1944 என்ற ஆண்டையும் வைத்து வடிகட்டுங்கள். பல பதிவுகளில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். மாவட்டம் 'வேலூர்' என்று இருக்காது, 'வட ஆற்காடு' என்று இருக்கும். இன்னொன்று: அந்த ஆணையம் இரண்டாம் போருக்கு எடுத்துக்கொள்ளும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. உங்கள் தாத்தா அதற்குள் அடங்கிவிடுகிறார்.

அங்கும் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் வெள்ளையர்களுக்குச் சமமாகப் பெயர் பொறித்து நினைவுகூரவில்லை என்று, முதல் போர்க் காலத்தைப் பற்றி அந்த ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இராக்கிலுள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் போட்டிருந்தார்கள். விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்லி ஆதாரத்தோடு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அந்த ஆதாரத்தைத் தேடும் வழியைக் கீழே சொல்கிறேன்.

தம்பி மகன் சொல்வதில் பாதி சரி

இதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் தாத்தா உடுத்திய சீருடை ஒரு அடக்குமுறை அரசின் சீருடை. 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் உத்தரவிட்டபோது துப்பாக்கியைப் பிடித்திருந்தவர்கள் இந்திய ராணுவச் சிப்பாய்கள். தாத்தா லாரி ஓட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1942 ஆகஸ்ட் 9-இல் கைதான காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். போர் முடிந்த பிறகும் இந்தோனேசியாவில் டச்சு ஆட்சியையும் வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சியையும் திரும்பக் கொண்டுவர இந்தியப் படைகளைத்தான் அனுப்பினார்கள். ஆகவே, 'நாட்டின் விடுதலைக்காக உயிர்நீத்தவர்' என்று நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் கல் வாசகம் உண்மை இல்லை. அதை எடுத்துவிடுங்கள்.

மீதிப் பாதியில் தம்பி மகன் தவறுகிறார். கூலிப்படை என்பது எந்த நாட்டுக்கும் காசுக்குப் போய்ச் சண்டை போடுகிறவர்களைக் குறிக்கும் சொல். அன்று இந்தியாவுக்கென்று இருந்த ராணுவம் அது ஒன்றுதான். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை என்பது உண்மை. 25 லட்சம் பேர் தாமாகவே சேர்ந்தார்கள், அவர்களில் சுமார் 87,000 பேர் இறந்தார்கள். ஆனால் 'தாமாக' என்ற சொல்லுக்குப் பின்னால் வறண்ட ஏரியும் கடன் பத்திரமும் இருப்பது வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே அரசு, மதராஸிகள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று சொல்லி 1920-களில் மதராஸ் காலாட்படைகளைக் கலைத்தது. போர் முற்றி ஆள் தேவைப்பட்டதும் 1940-களில் அவற்றை மறுபடியும் எழுப்பியது. சுட மறுத்திருக்கலாமே என்று தம்பி மகன் கேட்கலாம். மறுத்தவர்கள் உண்டு. 1930-இல் பெஷாவரில் கார்வாலி சிப்பாய்கள் மறுத்தார்கள், ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். இந்தியக் கூட்டத்தின் மேல் சுடும்படி உங்கள் தாத்தாவுக்கு யாரும் உத்தரவிட்டதாக உங்களிடமும் தம்பி மகனிடமும் ஒரு சான்றும் இல்லை. இல்லாத குற்றத்தை அவர் தலையில் ஏற்ற வேண்டாம், இல்லாத பெருமையையும் ஏற்ற வேண்டாம்.

சின்னத் தாத்தாவைப் பற்றி நீங்கள் சொன்ன சொல்லையும் திரும்பப் பெறுங்கள். ஜப்பானிய ஆட்சியில் மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் படித்தாலே போதும். சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அந்தச் சூழலில் இந்திய தேசிய ராணுவம் சிலருக்கு லட்சியமாக இருந்தது, சிலருக்கு உயிர் தப்பும் வழியாகவும் இருந்தது, பலருக்கு இரண்டுமே. ஆக, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருவருமே கொடிய ஆட்சிகளின் நிழலில் நின்றுதான் சண்டைக்குப் போனார்கள். அண்ணன் இறந்த பர்மாப் போர்முனையில் எதிர்ப்பக்கம் தம்பியின் படை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான்; நீங்களோ அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில், பிறகு இன்னாருடைய சேவகன் இன்னார், எந்தப் பூசலில் பட்டான் என்பது, கடைசியில் 'கல்'. மன்னன் நல்லவனா என்று அந்தக் கல் தீர்ப்புச் சொல்வதில்லை. அவன் பெயரை மறைப்பதும் இல்லை. ஆநிரை கவரப் போன வெட்சியாருக்கும் கல் உண்டு, மீட்கப் போன கரந்தையாருக்கும் கல் உண்டு. உங்கள் கல்லும் அந்த இலக்கணத்தில் இருக்கட்டும் என்பது என் யோசனை: யாருடைய படை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அண்ணன் தம்பி இருவர் பெயரும் ஒரே கல்லில் வரட்டும்.

எங்கே நடலாம், எங்கே கூடாது

தெருமுனை வேண்டாம். பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டிருக்கிறது. ஊராட்சித் தலைவரின் வாய்ச்சொல் அதற்கு முன் நிற்காது. இரண்டடிக் கல் சிலை ஆகுமா என்று வாதாடலாம்தான். ஆனால் தம்பி மகன் வட்டாட்சியருக்கு ஒரு மனு போட்டால் கல்லைப் பிடுங்க ஆள் வந்துவிடும். நட்ட கல்லைப் பிடுங்கும் அவமானம் உங்கள் தாத்தாவுக்கு வேண்டாம்.

சொந்தப் பட்டா நிலத்தில், வீட்டுச் சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் பதிப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அந்த இடம் உங்கள் சொந்தம்தானா? கடிதத்தின் நடுவே, பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அரசியலை விட இதுதான் பெரிய சிக்கல். பாகப்பிரிவினை ஆகாத இடத்தில் நீங்களும் தம்பியும் கூட்டு உரிமையாளர்கள். ஒருவர் மறுக்கும்போது இன்னொருவர் நிரந்தரமாக எதையாவது பதித்தால், தடையுத்தரவு கேட்டு முன்சீஃப் கோர்ட்டுக்குப் போக அவருக்கு இடம் இருக்கிறது. அதனால் முதலில் வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். பாகம் பிரிக்கும் எண்ணம் இல்லையென்றால், எந்த இடம், எந்த அளவு, என்ன வாசகம் என்று எழுதிய ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தில் தம்பியிடம் கையெழுத்து வாங்குங்கள். மகனிடம் அல்ல, தம்பியிடம், உரிமை அவருடையது.

கோயில் நிலம், பள்ளி வளாகம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். துறை அனுமதி, விழா, மேடை, கட்சிக் கொடி என்று விஷயம் வேறெங்கோ போய்விடும். சமாதி போன்ற மேடையும் கட்டாதீர்கள். அங்கே யாரையும் புதைக்கவில்லை என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் நினைப்பார், புகாரும் வரும். பெரம்பூர் அடுக்ககத்தின் பொது ஹாலில் ஆகஸ்ட் 15 அன்று ஒருநாள் படம் வைக்க, சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் போதும். நிரந்தரமாக மாட்டுவதென்றால் அது எல்லோருக்கும் பிரிபடாத பங்குள்ள இடம், பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும்.

வழக்கு, சின்னம், பணம்

தேசத்துரோகப் புகார் என்பது வெறும் மிரட்டல். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இறந்தவரை நினைவுகூர்வது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. சென்னைக் கடற்கரைச் சாலையின் வடகோடியில் இருக்கும் போர் நினைவுச் சின்னமே முதல் உலகப் போர் வெற்றிக்காக எழுப்பியதுதான். சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களில் இறந்தவர்களையும் பிறகு அதே இடத்தில் சேர்த்துக்கொண்டோம், இன்றும் அங்கேதான் மலர்வளையம் வைக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட அவதூறு வழக்குக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இறந்தவரைப் பற்றிய இழிசொல்லும், அது குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொன்னதானால், இன்றைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் கீழ் அவதூறு ஆகலாம். ஆனால் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சொன்னவரும் அதே தாத்தாவின் கொள்ளுப்பேரன். சொன்ன இடம் குடும்பக் குழு. சொன்னது வரலாற்றைப் பற்றிய ஒரு கருத்து. மாஜிஸ்திரேட் முன் தனிப்புகார் கொடுத்து, வாய்தா வாய்தாவாக எழும்பூருக்கு அலைந்து, கடைசியில் சின்னத் தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைக் குறுக்கு விசாரணையில் அவர் வக்கீல் உங்களையே படிக்கச் சொல்வார்.

அசோகச் சின்னம் கூடவே கூடாது. அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இரண்டாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1944-இல் அந்தச் சின்னம் அரசுச் சின்னமாக இருக்கவும் இல்லை. பிரிட்டிஷ் கிரீடம் பொறித்தால் சட்டம் கேட்காது, தம்பி மகன் கேட்பார். எந்தச் சின்னமும் வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, குடும்ப ஓய்வூதியம் உங்கள் பாட்டியோடு முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு இந்திய அரசிடமிருந்தும் பிரிட்டிஷ் அரசிடமிருந்தும் எதுவும் வராது. வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற தரகர்களிடம் கவனமாக இருங்கள்.

டிரங்குப் பெட்டி

கல்லை விட இது அவசரம். ஒரு சேகரிப்பாளர் நல்ல விலை கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதக்கத்தை விற்பது உங்கள் உரிமை. கடிதங்கள் வேறு கதை. 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படிப்பட்டவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வாங்குகிறவர் லண்டனுக்குப் பார்சல் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை நாளடைவில் மஞ்சளாகி மையைத் தின்னும். 600 டிபிஐ-யில் இருபுறமும், உறையோடு ஸ்கேன் செய்யுங்கள். உறையில் 'எஃப்.பி.ஓ' என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் உள்ள வட்ட முத்திரை இருக்கும். அது களத் தபால் நிலையத்தின் எண். தணிக்கைக்குப் பயந்து கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுதாமல் விட்டிருந்தாலும், அந்த எண்ணையும் தேதியையும் வைத்து அவர் எங்கே இருந்தார் என்று கண்டுபிடிக்க முடியும். பதக்கத்தைப் புளி போட்டோ பிராஸோ போட்டோ தேய்க்க வேண்டாம். விளிம்பையும் பின்புறத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள்; படை எண்ணோ பெயரோ வெட்டியிருந்தால் அதுதான் உங்கள் சாவி.

படை எண் கிடைத்ததும் பெங்களூரில் உள்ள ஏ.எஸ்.சி. (அந்தச் சர்வீஸ் கோரின் இன்றைய பெயர்) ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். தமிழில் எழுதினால் பெங்களூரில் தங்கிவிடும், ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெயர், படை எண், தந்தை பெயர், ஊர், பழைய மாவட்டப் பெயர், இறந்த ஆண்டு, உங்கள் உறவுமுறைக்கான சான்று இவ்வளவும் வேண்டும். 'சர்வீஸ் ரெக்கார்ட் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால், 'அழிக்கப்பட்டுவிட்டது' என்ற ஒருவரிப் பதில் வரும். பழைய பணி ஏடுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவது அங்கே வழக்கம். அதனால் 'லாங் ரோல்' பதிவின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சேர்ந்த தேதி, இறந்த தேதி, காரணம் ஆகியவை அதில் சுருக்கமாக இருக்கும். அது கைக்கு வரும்வரை கல்லுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தந்தி வந்த தேதியைத்தான் வீடுகளில் இறந்த தேதியாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே வாரக்கணக்கில் வித்தியாசம் இருக்கலாம்.

கல்லில் என்ன எழுதுவது

'தியாகி' என்ற சொல்லைத் தாத்தாவுக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் அது பென்ஷன் ஆணையோடு வருகிற ஒரு தகுதி, சின்னத் தாத்தா அதைப் பெற்றவர். ரங்கூன் நினைவுச் சின்னத்தில், சுதந்திர மனிதர்கள் எல்லோருக்காகவும் இறந்தவர்கள் என்று பொறித்திருக்கிறார்கள். சுதந்திரம் இல்லாத மனிதர்களின் பெயர்களுக்கு மேலே அப்படி ஒரு வரி. அந்த மாதிரிப் பேரரசு நடையும் வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

*இவ்வூர் (பெயர்), (தந்தை பெயர்) மகன்.*
*பிரிட்டிஷ் ஆட்சியின் இந்திய ராணுவத்தில் லாரி ஓட்டுநர்.*
*பர்மாப் போர்முனையில் (தேதி) அன்று இறந்தார்.*
*அவர் தம்பி (பெயர்).*
*மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதே போர்முனைக்கு எதிர்ப்பக்கம் நின்றார்.*
*(ஆண்டு) இவ்வூரில் காலமானார்.*
*பேரப்பிள்ளைகள் வைத்த கல்.*

சின்னத் தாத்தா உண்மையில் பர்மா வரை போனாரா, சிங்கப்பூரிலோ மலாயாவிலோ இருந்துவிட்டாரா என்பதை அவருடைய பென்ஷன் கோப்பில் சரிபார்த்த பிறகே ஐந்தாவது வரியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு தம்பி வீட்டில்தான் இருக்க வேண்டும். அதைக் கேட்டு நீங்களே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம், வாசக வரைவையும் அப்போதே தம்பி மகனிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

கல் விஷயத்தில்: இரண்டடிக்கு ஒன்றரையடி கருங்கல் போதும், தடிமன் ஒன்றரை அங்குலம். எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறைந்தால் வெயிலில் படிக்க முடியாது. பெயின்ட் எழுத்து நாலைந்து மழையில் போய்விடும், வெட்டெழுத்தாகவே கேளுங்கள். இப்போது கணினியில் அச்செடுத்து ஸ்டிக்கர் ஒட்டி வெட்டுகிறார்கள்; எழுத்துரு மாறும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் பெயர்ந்துவிடும், ஒற்றின் புள்ளி காணாமல் போகும். ஸ்டிக்கர் ஒட்டிய கல்லைப் பட்டறைக்கே போய் எழுத்தெழுத்தாகப் படித்து, அதைப் போட்டோ எடுத்து, அச்சுத்தாளில் கையெழுத்திட்ட பிறகே உளியை வைக்கச் சொல்லுங்கள்.